முன் இருக்கையில் நான்

மார்ச் 4

இன்று மருந்துக்கடையில் கூட்டமில்லை. கண் சொட்டு மருந்து கேட்டு ஒரு பெரியவர் வந்தார். அந்த அலமாரிப் பக்கம் போனாலே கை ஒரு நொடி நின்றுவிடுகிறது.

வீடு திரும்பினால், காலையில் விட்டுப்போன அதே நாற்காலியில் என் வீட்டுக்காரர். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

“சாப்பிட்டீங்களா?”

“ம்.”

சமையலறையில் சாப்பாடு மூடி வைத்தபடி அப்படியே இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டுமோ?

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்ட மனிதர். ஞாயிறு விடிந்தால் அகல டயர் சைக்கிளோடு மலைக்குள் போய்விடுவார். தார் ரோடு ஆகவே ஆகாது. மர லாரிகளுக்காகப் போட்ட சரளைப் பாதைகள்தான் வேண்டும். ஆற்றோரமாக ஏறி, காட்டுக்குள் வளைந்து, உச்சியைத் தொட்டு, பள்ளத்தாக்கின் மறுபுறம் இறங்குகிற ஒரு பெரிய சுற்றை அவரே தேடித் தேடி இணைத்தார். அப்புறம் கண்ணில் அழுத்தம். ஒன்று போனது, மற்றதும் போனது. இப்போது வாசலுக்கு வரவே யோசிக்கிறார்.

மார்ச் 9

சைக்கிள் கடைக்காரர் முழங்கைச் சிராய்ப்புக்குக் களிம்பு வாங்க வந்தார். ஞாயிறுகளில் இவரோடு காடு சுற்றிய கூட்டாளி.

“கடையில பின்பக்கம் ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள் ஒண்ணு தூசி புடிச்சுக் கெடக்கு மேடம். முன்னாடி நான் உக்காந்து ஓட்டுறேன், சார் பின்னாடி மிதிச்சா போதும்னேன். போனை வெச்சுட்டாரு.”

வைக்கத்தான் செய்வார். இந்த ஆளோடு போட்டி போட்டு மலை ஏறியவர், இதே ஆளின் முதுகுக்குப் பின்னால் மூட்டை மாதிரி உட்காருவாரா?

“முன்னாடி நான் உக்காந்தா?” என்றேன்.

அவர் களிம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மேடம், நீங்க சைக்கிள் ஓட்டுவீங்களா?”

பள்ளிக்கூடத்தோடு விட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 10

இவரிடம் சொன்னேன்.

“நீயா? உனக்கு வலது பக்கம் திரும்பவே வராதே!” என்று சிரித்தார். கேலிச் சிரிப்புதான். ஆனாலும் சிரிப்பு. இந்த வீட்டில் அது கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

“வந்து சொல்லிக் குடுங்க அப்போ.”

மாடியில் குடியிருக்கிற அவருடைய அக்கா படியிறங்கி வந்து என்னைத் தனியே இழுத்தார். “வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்காதே. அவன் பாட்டுக்கு உக்காந்திருக்கான்.”

அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பதுதானே அக்கா எனக்குப் பிரச்சினை.

மார்ச் 16

லாரிகள் நிறுத்துகிற காலி மைதானம். சொல்லிக் குடுக்க மட்டும்தான் வர்றேன் என்று இவரும் வந்தார். கடைக்காரர் இரட்டைச் சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக் கொண்டுவந்தார். “சரளையில காத்து கம்மியா இருந்தாத்தான் புடிமானம்.”

முதல் சுற்றிலேயே நான் ஒரு நாய்க்காகச் சட்டென்று பிரேக் பிடித்தேன். பின்னாலிருந்து கத்தினார்: “சொல்லிட்டுப் புடி! எனக்கு உலகமே நின்னுபோற மாதிரி இருக்கு!”

அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. கண் எனக்கு மட்டும்தான் இருக்கிறது. ஆனால் சைக்கிள் இரண்டு பேருக்கும்.

அப்புறம் வாய் மூடவில்லை. “பள்ளம். வலது. கியர் மாத்துறேன். குலுங்கும்.” கல்யாணமான நாளிலிருந்து நான் பேசாத அளவு இன்று பேசிவிட்டேன்.

மார்ச் 30

ஆற்றோரப் பாதை, சமதளம் மட்டும். ஒரு மணி நேரம். தொடை இரண்டும் கழன்றுவிடும் போலிருக்கிறது. இவர் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

ஏப்ரல் 6

விழுந்துவிட்டோம்.

உச்சிக்கு ஏறியதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மறுபுற இறக்கத்தில் மூன்றாவது வளைவு. உதிரிக் கல், பக்கத்தில் சரிவு. பயத்தில் முன்பிரேக்கை நெரித்தேன். சக்கரம் வழுக்கி... சொல்லக்கூட இல்லை அவரிடம், ஒரு வார்த்தை சொல்லவில்லை நான். எனக்கு உள்ளங்கையில் சிராய்ப்பு. அவருக்குத் தோள்பக்கம் காறை எலும்பு முறிந்துவிட்டது. மர லாரிக்காரர் ஒருவர்தான் ஏற்றிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் விட்டார்.

ஏப்ரல் 7

அக்கா என் முகத்துக்கு நேராகவே கேட்டார். “கண்ணில்லாதவனை மலையில கொண்டுபோய்த் தள்ளிட்டு வந்திருக்கியே, திருப்தியா?”

நியாயமாத்தானே கேக்கறாங்க. யாரு கேட்டா இவரை இழுத்துட்டுப் போகச் சொல்லி? எனக்குத்தான் அந்த நாற்காலியைப் பாக்க முடியல. அவருக்காகவா போனேன், எனக்காகவா?

ஏப்ரல் 9

கட்டுப் போட்ட தோளோடு படுத்திருந்தார். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நடுவில் கரண்டியை விலக்கிவிட்டுச் சொன்னார்:

“அடுத்த தடவை பின்பிரேக்கை முதல்ல புடி. முன்னாடி அப்புறம், மெதுவா.”

அடுத்த தடவை! எழுந்து சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். கஞ்சி ஆறிவிட்டது என்று திட்டினார்.

ஏப்ரல் 14

முடிவு செய்துவிட்டேன். அந்த இறக்கத்தை நான் தனியாகக் கற்றுக்கொள்ளவேண்டும். இன்னொரு உயிரைப் பின்னால் வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளக்கூடாது.

கடைக்காரர் தன்னிடமிருந்த அகல டயர் சைக்கிள் ஒன்றை எனக்கு உயரம் சரிசெய்து கொடுத்தார். மருந்துக்கடை திறக்கும்முன் விடியற்காலையில் போய்வரலாம்.

ஏப்ரல் 17

மூன்றாவது வளைவில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

ஏப்ரல் 21

இன்றும் நடைதான். கடைக்காரர் கூட வந்தார். “கைப்பிடியை ஏன் மேடம் கழுத்தை நெரிக்கிற மாதிரி புடிக்கிறீங்க? தளர்த்துங்க. கல்லு மேல அது கொஞ்சம் ஆடத்தான் செய்யும், ஆடட்டும். நீங்க பாக்க வேண்டியது பள்ளத்தை இல்ல, போகவேண்டிய இடத்தை.”

பள்ளத்தைப் பார்க்காமல் எப்படி இருப்பது? அவ்வளவு பெரிய பள்ளம்!

ஏப்ரல் 29

இறங்கினேன். மிதியிலிருந்து காலை எடுக்காமல். யாரும் பார்க்கவில்லை, ஒரு மைனாவைத் தவிர. திரும்ப ஏறிப் போய் இன்னொரு தடவை இறங்கினேன்.

மே 12

மழை. சேற்றில் இறக்கம் வேறு மாதிரி. நனைந்த இலை மேல் பிரேக்கே பிடிக்கக்கூடாது. அக்கா என் சேற்றுக்காலைப் பார்த்துவிட்டு, “பைத்தியம் முத்திப்போச்சு” என்றார். ஆனால் வெந்நீர் போட்டு வைத்திருந்தார்.

மே 26

எலும்பு சேர்ந்துவிட்டது, மிதிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த ஞாயிறு போகலாமா என்றேன்.

“வேண்டாம்.”

“ஏன்?”

தோளைத் தடவிக்கொண்டு, “பயமா இருக்கு” என்றார்.

இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டதில்லை. பார்வை போனபோதுகூடச் சொல்லவில்லை.

“எனக்கும்தான்,” என்றேன்.

“நீதான் தினம் இறங்குறியே.”

“பயத்தோடதான் இறங்குறேன். அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கு.”

மேலே ஒன்றும் வற்புறுத்தவில்லை. தடியால் அடித்துப் பழுக்கவைக்கிற காயா தைரியம்?

ஜூன் 6

சாப்பிடும்போது தானாகவே கேட்டார். “ஞாயித்துக்கெழமை மழை இருக்காதே?”

ஜூன் 8

முழுச் சுற்றும் போனோம்!

ஆற்றோரம் முழுக்க ஈர மண் வாசனை. மரப்பாலத்தில் இரண்டு பலகை பெயர்ந்து கிடந்தது. இறங்கி, அவர் கையை என் தோளில் வைத்து முதலில் அவரைக் கூட்டிப்போய் அக்கரையில் நிறுத்தினேன். திரும்பி வந்து சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏற்றத்தில் நான் செத்தேன் பிழைத்தேன் என்று மிதிக்க, பின்னாலிருந்து ஒரு உந்து. அப்பா! அந்தக் கால்களில் இன்னும் எவ்வளவு பலம்.

உச்சியில் தண்ணீர் குடித்தோம். அவர் கை கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தது.

இறக்கத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். “உதிரிக் கல். பின்பிரேக் புடிக்கிறேன். இடது, நல்லா சாயுங்க. இன்னும். இப்போ நிமிருங்க. நீளமா ஒரு நேர்பாதை.” அவர் என்னோடு சாய்ந்தார். இரண்டு உடம்பு, ஒரே சாய்வு.

கீழே சமதளம் வந்த பிறகு, குரலை அடக்கிக்கொண்டு கேட்டார்: “நாம விழுந்த வளைவு எப்ப வரும்?”

“அது எப்பவோ தாண்டியாச்சு.”

பிறகு என் முதுகில் அவருடைய நெற்றி வந்து தொட்டது. மிதிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

ஜூலை 13

அவரே சைக்கிள் கடைக்காரருக்குப் போன் போட்டார். “என்னய்யா, இன்னும் மலை ஏறுறியா, தொப்பை வெச்சுடுச்சா?” அரைமணி நேரம் அரட்டை.

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, தயங்கி, “ஏத்தத்துல நீ கொஞ்சம் மெதுவு. தப்பா நெனைக்காதே. அவன் முன்னாடி இருந்தா இன்னும் வேகமாப் போலாம்,” என்றார்.

சுருக்கென்றது. கற்றுக்கொண்டு, விழுந்து, எழுந்து, இப்போது என் இருக்கை இன்னொருவருக்கா?

ராத்திரி யோசித்துப் பார்த்தேன். வேகமாகப் போகவேண்டும் என்று ஆசைப்படுகிறார். ஆசைப்படட்டும்.

ஆகஸ்ட் 17

அவர்கள் இருவரும் இரட்டைச் சைக்கிளில் முன்னால், நான் என் சைக்கிளில் பின்னால். உச்சிக்கு முன்பே புழுதிதான் மிஞ்சியது. சிரிப்புச் சத்தம் மட்டும் மேலிருந்து கேட்டது.

உச்சிக்குக் கீழே பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்றேன். இடது, நம் வழி. வலது பக்கம் புல் முளைத்த ஒரு பழைய லாரித்தடம். அவர்கள் என்றும் போகாதது. கடைக்காரர் போனுக்கு “வர லேட்டாகும்” என்று அனுப்பிவிட்டு வலது பக்கம் திரும்பினேன்.

பிற்பகலில்தான் வீடு வந்தேன். அவர் வாசலில் நின்றிருந்தார்.

“எங்க போன? எந்தப் பாதை? ஏத்தமா, இறக்கமா? மண்ணு எப்படி?”

“இறக்கம்தான். செம்மண்ணு, மேல பொடிக்கல்லு. ஒரு மூங்கில் காடு வருது. கடைசில ஆத்துல போய் முட்டுது.”

“அக்கரைல தொடருதா?”

“தடம் இருக்கற மாதிரிதான் தெரிஞ்சுது. தண்ணி வத்தட்டும். பாத்துட்டு வந்து சொல்றேன்.”