கச்சேரி நாளின் மாத்திரை

எனக்குத் தோழியாகவும் வாய்த்த என் மன்னிக்கு,

நீங்கள் போன பிறகு வரும் இரண்டாவது மார்கழி இது. மயிலாப்பூரில் சபா வாசல்களில் பந்தல் போட்டாகிவிட்டது. போன வருஷம் நான் ஒரு கச்சேரிக்கும் போகவில்லை. இந்த வருஷமாவது போகலாம் என்று நினைத்த நேரத்தில் எனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

சிரிக்காதீர்கள், உங்களுக்கு வந்த அதேதான். ஆழ்வார்பேட்டையில் இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளிவிடுகிற இடது கீழறை சோர்ந்துபோயிருக்கிறதாம். உங்களுக்கு, வந்ததே தெரியாமல் வந்துபோன மாரடைப்பால். எனக்கு, வருஷக்கணக்காக நான் அலட்சியம் பண்ணிய ரத்த அழுத்தத்தால். அண்ணாதான் கூட வந்தார். ஸ்கேன் அறை வாசலில் அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். உடம்பில் தங்குகிற நீரை வெளியேற்ற தினமும் ஒரு மாத்திரை உங்களுக்கு. போட்டால் மணிக்கொரு தரம் எழுந்து போக வேண்டும். "ஆலாபனை நடுவுல எழுந்து போனா பாடறவா மனசு என்ன பாடுபடும்? ஒரு நாள்தானே, நாளைக்குப் போட்டுண்டா போச்சு" என்பீர்கள். அண்ணா டப்பாவைத் திறந்து பார்ப்பாரே என்று அந்த மாத்திரையை எடுத்து என் கைப்பையில் ஒளித்தவள் நான்.

அந்த சீசனில் எத்தனை நாள் அப்படிப் போயிற்று மன்னி? கச்சேரி முடிந்ததும் நாற்காலிக்கு அடியில் கழற்றி வைத்த செருப்பு உங்கள் காலில் ஏறவில்லை. "ரொம்ப நேரம் காலைத் தொங்கப் போட்டுண்டு உக்காந்ததுதான்" என்று நான் பெரிய வைத்தியர் மாதிரி சொன்னேன். கேன்டீனில் ஊறுகாயும் வாங்கித் தந்தேன். தை பிறக்கும் முன் உங்கள் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது.

இப்போது எனக்கும் அதே மாத்திரை எழுதினார் டாக்டர். இன்னும் மூன்று மாத்திரைகள், உப்பில் கட்டுப்பாடு, உடம்பில் நீர் சேர்கிறதா என்று தெரிய தினமும் காலையில் எடை. விடாமல் இருந்தால் அந்த அறை ஓரளவு தேறவும் கூடும் என்றார். அண்ணா பக்கத்தில் இருக்கும்போதே கேட்டுவிட்டேன்: "கச்சேரி நாள்ல நீர் மாத்திரையை விடலாமா?"

"ஒரு நாள்கூட விடக்கூடாதும்மா. நேரத்தை வேணா மாத்திக்கலாம். காலைல கச்சேரின்னா வீட்டுக்கு வந்ததும் போட்டுக்கோங்க" என்றார், சாதாரணமாக.

அவ்வளவுதான் மன்னி. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நாம் இரண்டு பேரும் கேட்கவே இல்லை.

அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவளும் விட்டுண்டு இருந்தாளா?" என்றார். ஆமாம் என்றேன். கைப்பையில் ஒளித்ததையும் சொன்னேன். என்னை என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அதே ஆட்டோவில் அவர் போய்விட்டார். இனி இந்த ஜென்மத்தில் என்னோடு பேச மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு போன் அடித்தது. "எடை பாத்தியா?" என்றார். அன்றிலிருந்து தினமும் அதே நேரத்துக்கு, அதே கேள்வி. வேறெதுவும் பேசுவதில்லை. நான் எடையைச் சொல்கிறேன், வைத்துவிடுகிறார்.

அந்த மாத்திரைகளைப் போட்டிருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்களா? டாக்டரிடம் இதைக் கேட்க மட்டும் எனக்குத் துணிவு வரவில்லை. அண்ணாவும் கேட்கவில்லை.

நாளை சாயங்காலக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறேன், வழியோரத்து நாற்காலியாகப் பார்த்து. காலையிலேயே மாத்திரையைப் போட்டுக்கொள்வேன். அப்படியும் அவசரம் வந்தால், யார் முறைத்தாலும் சரி, ஆலாபனை நடுவிலேயே எழுந்து போவேன். திரும்பி வந்து மிச்சத்தையும் கேட்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

மாத்திரையை ஒளித்த கை கூப்பி,
உங்கள் நாத்தனார்