என் பேத்தியின் எடையில் நான் ஏற்றிய ஐந்நூற்று நாற்பது கிராம்

அனுப்புநர்:
குழந்தைப் பதிவு எண் 41-இன் பாட்டி (தாயின் தாய்),
ரொட்டிக் கடைக்கு மேல் மூன்றாம் மாடி, பச்சைக் கதவு வீடு.

பெறுநர்:
தாய் சேய் ஊட்டச்சத்துத் திட்ட அலுவலர் அவர்கள்.

பொருள்: பேத்தியின் எடையைக் கூட்டிக் காட்டியது நானே என்பதும், பதிவைத் திருத்தி, நிறுத்திய சத்துமாவை மீண்டும் தர வேண்டுவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

1. வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். உங்கள் அலுவலக வாசலில் மனு எழுதுபவர், தாம் எழுதித் தருவதாகச் சொன்னார். என் தப்பை அடுத்தவர் கையெழுத்தில் எழுதுவானேன் என்று நானே எழுதுகிறேன்.

2. என் பேத்தி மாதம் நிறையும் முன்பே பிறந்தாள். ஒரு கிலோ தொள்ளாயிரம். உங்கள் மையத்துப் பணியாளர் வாரம் தவறாமல் மூன்று மாடி ஏறி வந்து, பால் கொடுக்கும் முறையையும், ஆறு மாதத்துக்குப் பின் சத்துமாவைக் கட்டி தட்டாமல் கரைக்கும் பக்குவத்தையும் என் மகளுக்குக் காட்டிக் கொடுத்தார். ஐந்து பிள்ளை வளர்த்த எனக்கே பாடமா என்று முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இப்போது எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். குழந்தைக்கு ஒன்பது மாதம். எடை அட்டையில் மஞ்சள் கோட்டில் இருந்தாலும் ஏறுமுகமாகத்தான் இருந்தாள். பல் நாலு. அதில் இரண்டின் தடம் என் விரலில் இருக்கிறது.

3. தப்பு நடந்தது சென்ற மாத எடை நாளில். அதற்கு முந்தின நாள், கொழுகொழு பேரன் ஒருவனை இடுப்பில் வைத்திருக்கும் கீழ் மாடிக்காரி படிக்கட்டில் என்னை மறித்து, "உன் பேத்திய கொடியில போட்டா ரெண்டு கிளிப் மாட்டு, காத்துல போயிடப் போறா" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் குழந்தைக்குக் கம்பளிச் சட்டை இரண்டு, தொப்பி, காலுறை, தாத்தா வாங்கிய தோல் பூட்ஸ் எல்லாம் மாட்டி மையத்துக்குக் கொண்டுபோனேன். பணியாளர் வழக்கம்போல உடுப்பைக் கழற்றச் சொன்னார். "சளி பிடிச்சிருக்கு, கழட்டினா நீதான் பொறுப்பு" என்று அதட்டினேன். வரிசையோ வாசல் வரை. அப்படியே தொங்கு தராசில் மாட்டினார். முள் ஆறே முக்காலைத் தொட்டது. பச்சைக் கோடு! வரிசையில் நின்ற கீழ் மாடிக்காரியை நான் பார்த்த பார்வையை மனுவில் எழுத முடியாது.

4. பச்சைக்கு வந்த பிள்ளைக்குக் கூடுதல் சத்துமாவும் முட்டையும் நின்றுவிடும் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. மறுவாரம் வெறுங்கையோடு திரும்பி, மகளிடம் உண்மையைச் சொன்னேன். தையற்கூடத்தில் நாள் முழுக்கப் பொத்தான் துளை போட்டுவிட்டு வந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தராசுல தொங்கினது பிள்ளை இல்லம்மா, உன் பெருமை" என்றாள். ஆனால் அன்றிலிருந்து, பால் கொடுக்கும் தாய்க்கென்று அவளுக்கு வரும் மாவில் பாதியைப் பிள்ளைக்குக் கரைக்கிறாள். கேட்டால் பசியில்லை என்கிறாள். அவளைப் பெற்றவள் நான். அந்தப் பொய் என்னிடம் செல்லாது. அவள் கன்னம் ஒட்டிவருகிறது.

5. உடுப்பு அத்தனையையும் மூட்டை கட்டி, காய்கறிக் கடைத் தராசில் வைத்தேன். ஐந்நூற்று நாற்பது கிராம். கடைக்காரர் சாட்சி. பணியாளரிடமும் ஒப்புக்கொண்டேன். பதிவேட்டில் பச்சை என்று ஏறிவிட்டால் மூன்று மாதம் கழித்துத்தான் மாற்றலாமாம்; அதற்கு முன் திருத்த, உங்கள் கையெழுத்து வேண்டும் என்கிறார்.

6. ஆகவே பேத்தியை மறுபடி எடை பார்த்து, தாயின் பங்கு தாய்க்கும் பிள்ளையின் பங்கு பிள்ளைக்கும் போய்ச் சேர உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பணியாளரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பிவிடாதீர்கள். கேட்பதை என்னிடம் கேளுங்கள். பகலில் வீட்டில்தான் இருப்பேன். எடை நாளில் பாட்டிமார் தராசிலிருந்து பத்தடி தள்ளி நிற்கவும் என்று ஒரு பலகை மாட்டினாலும் உத்தமம். கீழ் மாடிக்காரிக்கும் அது பொருந்தும்.

7. அடுத்த எடை நாள் வரும் புதன்கிழமை. உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும், அன்று என் பேத்தி ஒற்றைப் பருத்திச் சட்டையோடுதான் வருவாள். அவள் எவ்வளவோ, அவ்வளவே எழுதட்டும்.

இடம்: மேற்படி வீடு
நாள்: வெள்ளிக்கிழமை, 14ஆம் தேதி

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
எண் 41-இன் பாட்டி

இணைப்பு: எடை அட்டையின் நகல். உடுப்பு மூட்டை கேட்டால் நேரில் கொண்டுவரப்படும்.