சித்ராவின் எலும்புத் துணி

22 ஜனவரி 2007, திங்கள்
கோபத்தில் மதியச் சோறு இறங்கவில்லை. அக்கா மகள் சித்ராதேவி கோயமுத்தூர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து போன் செய்தாள். "மாமா, உங்க துணியில ஒரு செல்லுகூட ஒட்டலீங்க. அத்தனையும் செத்துப்போச்சுங்க."
யாருடைய துணி? முதலிபாளையத்தில் இருபத்தெட்டு வருஷமாக நிட்டிங் மிஷினில் பனியன் துணி பின்னுகிறவன் துணி! வாங்க வந்த ஜெர்மனிக்காரன் தடவிப் பார்த்துக் கண்ணீர் விட்ட துணி!

23 ஜனவரி
இன்னும் ஆறவில்லை. எலும்பு மஜ்ஜையில் ஸ்டெம் செல் என்று ஒன்று இருக்கிறதாம், இன்னும் எதுவாகவும் ஆகாத செல். அதை மேடுபள்ளமான துணியில் உட்காரவைத்து, தினமும் லேசாக அதிரவைத்தால் எலும்பாக மாறத் தொடங்குமாம். அவளுடைய டாக்டர் பட்டமே இதில்தான். உள்ளங்கை அகலத்துக்குப் பாலியஸ்டர் பின்னிக் கொடுத்தது நான். டீக்கடையில் இந்த ஆராய்ச்சியில் பாதி மூளை என்னுடையது என்று சொல்லிவைத்திருக்கிறேன். பாதியா? முக்கால் என்றுதான் ஞாபகம்.

25 ஜனவரி
டீக்கடை. பொங்கியண்ணன் கேட்கிறார்: "ஏனுங்க, எலும்பு பனியன் எப்பங்க கடைக்கு வருது? என்ற முழங்காலுக்கு எக்ஸெல் சைஸ்ல ஒண்ணு எடுத்து வைங்க." கடையே சிரித்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

3 பிப்ரவரி
சித்ராவே நேரில் வந்துவிட்டாள். "மார்ச்சுக்குள்ள ரிசல்ட்டு வரலீன்னா தலைப்பையே மாத்தோணும்னு கைடு சொல்லீட்டாருங்க. மூணு வருசம் வீணுங்க மாமா."
கத்தினேன். "உன்ற மிஷின் ஆட்டுறதுலதான் கோளாறு! துணியக் குத்தஞ் சொல்லாதே!"
நான் கொடுத்த துணியில் மீதித் துண்டை என் கையில் வைத்தாள். "தொட்டுப் பாருங்க. மேடுபள்ளம் எங்கீங்க?"
வெண்ணெய். என் விரலே வழுக்கியது. அவள் சாப்பிடாமல் போய்விட்டாள்.

4 பிப்ரவரி
சாஃப்ட்னர். நான்தான் அந்த வழவழப்பு மருந்தில் ஊறப்போட்டேன், அதுவும் ரெண்டு தடவை. பின்னி வந்தது சொரசொரவென்று இருந்தது. அக்கா மகளுக்கு அப்படியா கொடுப்பது? இந்த ஊரில் எவன்தான் சாஃப்ட்னர் போடாமல் துணி அனுப்புகிறான்?
என்னை நானே திட்டிக்கொண்டேன்: ஏன்டா, உனக்கு அறிவிருக்குதாடா? பின்னுனபடியே குடுங்கன்னு அந்தப் புள்ளை படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சேடா!

5 பிப்ரவரி
சாஃப்ட்னர் போட்டதைச் சித்ராவிடம் போனில் சொல்லிவிட்டேன். அவள் சொன்னது: "மாமா, இனி எனக்கு நல்லது எதுவும் செய்யாதீங்க. பின்னி மட்டும் குடுங்க."

7 பிப்ரவரி
பின்னினேன். மிஷின் எண்ணெய் போவதற்காக அவள் கொடுத்த சோப்பில் அலசியதோடு சரி. சாஃப்ட்னர் கேனை அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்தேன். கை அப்படித் துறுதுறுத்தது.

24 மார்ச்
சித்ரா புதுத் துணியின் போட்டோ கொண்டுவந்தாள். செல் எலும்பாக மாறிச் சுண்ணாம்புச் சத்து படிந்த இடத்தில் மட்டும் சாயம் சிவப்பாகப் பிடிக்குமாம். நான் பின்னிய ஒவ்வொரு மேட்டிலும் சிவப்பு. கறை பட்டது என்று வாழ்நாளில் எத்தனை துணியைக் கழித்துப் போட்டிருப்பேன்!
சாயங்காலம் டீக்கடையில் பொங்கியண்ணன் மறுபடியும், "எக்ஸெல் என்னாச்சுங்க?"
"அது புள்ளையோட வேலைங்க. நான் பின்னுனதோட சரி."
போட்டோ சட்டைப் பையிலேயே இருந்தது.