நாற்பத்தெட்டு இலக்கம்

மே 12, திங்கள்

பென்னிக்கு அனுப்பவிருக்கும் கடிதத்தின் நகலை முதலில் இங்கே எழுதிவைக்கிறேன். பிறகு அவன் எதையும் மறுக்கக் கூடாது.

1. மே 3: விடைத்தாள் திருத்தும் முகாமில் நான் இருந்தபோது வீட்டுக் கணினி என்னைக் கேளாமலே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அதற்குப் பென்னி பொறுப்பல்ல. ஆனால் "பழைய மெஷினுக்கு அப்டேட்டெல்லாம் வராது சாரே" என்று பிப்ரவரியில் உறுதி சொன்னவன் அவன்.

2. மே 4: கணினி பாதியில் அணைந்து, தானே எழுந்து, மீண்டும் அணைந்தது. பதினேழு முறை எண்ணினேன். தொலைபேசியில் "தோ கிளம்பிட்டேன் சாரே" என்றான். வந்து சேர்ந்தது மே 8.

3. மே 8: பெட்டியைத் திறந்து நினைவகப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்தான். பயனில்லை. அடுத்து, ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே இருந்த பொத்தான் பேட்டரியை மாற்றினான். அதிலிருந்து நீலத் திரை: வட்டு பூட்டப்பட்டுள்ளது, நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைத் தருக.

4. அதே நாள்: கணினியை எழுப்புவதற்கான கோப்பை ஏற்ற வேண்டுமென்று என் மேசைமேல் கிடந்த பென் டிரைவை எடுத்து முழுவதும் அழித்தான். நான் வைத்திருந்த ஒரே நகல் அதில் இருந்தது.

5. மே 10: "ஃபார்மேட் அடிச்சிடலாம் சாரே, புது மெஷின் மாதிரி பறக்கும்" என்றான்.

ஐந்தாவதற்கு எந்தச் சட்டத்தில் என்ன தண்டனை என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வட்டுக்குள் இருப்பது ஒன்பது ஆண்டுகளின் அளவுகள். சேலாட்டுமலையின் சரிவில் ஓடும் பிளவுக்கு இருபுறமும் 2016-இல் நானே இரண்டு இரும்பாணிகளை அறைந்தேன். ஆண்டுதோறும் மே மாதத்தில் அவற்றின் இடைவெளியை அளப்பேன். சென்ற ஆண்டைவிடப் பத்து மில்லிமீட்டருக்குக் குறைவாக விலகியிருந்தால், பிளவுக்குக் கீழே, கீழ்ச்சால் என்ற குடியிருப்பில் இருக்கும் பதினொரு வீட்டாரிடம் "உறங்கலாம்" என்பேன். அதற்கு மேல் என்றால் மண் சரியக்கூடும், மழைக்கு முன் அவர்கள் இறங்கிவிட வேண்டும். இதுவரை ஒவ்வொரு ஆண்டும் அந்த ஒரே வார்த்தைதான். புவியியல் துறையின் பேராசிரியன் என்பதைவிட அந்த வார்த்தையைச் சொல்பவன் என்றே அங்கே என்னைத் தெரியும்.

குறிப்பேடுகளில் கரையான் ஏறியது. தட்டச்சு செய்து முடித்ததும் எரித்துவிட்டேன். ஒரே பதிவு பதிவே அல்ல என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொன்னவன் நான்.

மே 13, செவ்வாய்

பென்னியின் கடைக்கே நேரில் போனேன். கடிதத்தைக் கையில் கொடுத்தேன். நின்றபடி படித்தான்.

"சாரே, மூணாவது பாயிண்டு உண்மைதான். அந்த பேட்டரி செத்து, மெஷின் 2009-ல நின்னுட்டிருந்துச்சு. எந்த வருஷம்னே தெரியாத மெஷின் எப்படி எழும்பும்?"

"மாற்றினால் பூட்டிக்கொள்ளும் என்று தெரியுமா, தெரியாதா?"

"பூட்டு போட்டிருக்குன்னே யாருக்கும் தெரியாதே சாரே. சரி, கோபப்படாதீங்க. சாவி இணையத்துல சாரோட கணக்குல இருக்கும். 2016-ல நான்தானே உங்க வீட்டுக்கு வந்து கணக்கு திறந்து கொடுத்தேன்? பாஸ்வேர்ட் மறந்தா பிறந்த தேதி கேட்கும், அவ்வளவுதான். சார் பிறந்த தேதியை சார் மறக்கலையே?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். 20-5-1969 என்று இட்டேன். ஏற்கவில்லை. விரல் தவறியிருக்கும் என்று மறுபடி இட்டேன். மூன்றாம் முறையும் அதையே. கணக்கு ஏழு நாட்களுக்கு மூடப்பட்டது, நேரம் 11.20.

மாலை வீட்டில் மனைவி சாந்தா கேட்டாள்: "என்ன தேதி கொடுத்தீங்க, பாலேட்டா?"

"என் பிறந்த தேதி எனக்குத் தெரியாதென்கிறாயா?" என்றேன்.

அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மே 14

நுகர்வோர் நீதிமன்றத்துக்கு மனு எழுதத் தொடங்கினேன். நான்கு பக்கம் வந்துவிட்டது.

மே 16, வெள்ளி

மலைக்கு ஏறினேன். அளவுநாடாவின் மறுமுனையை எப்போதும்போல ஏலிக்குட்டி பிடித்தாள். கீழ்ச்சாலின் மேல்வீடு அவளுடையது. நான்கு பசுக்கள், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், யார் முன்னும் அடங்காத வாய்.

231.4 சென்டிமீட்டர்.

"சொல்லுங்க மாஷே. உறங்கலாமா?"

"சென்ற ஆண்டின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். கணினி பழுதாகியிருக்கிறது."

"போன வருஷம் எவ்வளவுன்னு ஞாபகம் இல்லையா?"

"நான் உங்களிடம் என்ன எண் சொன்னேன், நினைவிருக்கிறதா?"

"எங்ககிட்ட நீங்க என்னைக்கு நம்பர் சொன்னீங்க? உறங்கலாம்னு சொன்னீங்க, உறங்கினோம். கணக்கு உங்க தலைக்குள்ள இருக்கும்னு நினைச்சோம். அது டப்பாவுக்குள்ள இருக்குன்னு இப்பதானே தெரியுது!"

இருநூற்று இருபத்தொன்பது சொச்சமா, முப்பத்தொன்றா? முப்பத்தொன்று என்றால் மலை உறங்குகிறது. இருபத்தொன்பது என்றால்... நினைவு ஆதாரமல்ல. நினைவை நம்பி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

இறங்கும்போது பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்: "டப்பா சரியானதும் சொல்லிவிடுங்க மாஷே. அதுவரைக்கும் ஒரு கண்ணால உறங்கறோம்."

மே 18

நானே பெட்டியைத் திறந்து பழைய பொத்தான் பேட்டரியைப் போட்டுப் பார்த்தேன். புதியதைத் திரும்பப் போட்டேன். கம்பிகள் ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டினேன். அதே நீலத் திரை. காற்றாடி மட்டும் சுழல்கிறது, உள்ளே யாரோ மூச்சுவிடுவதுபோல.

மே 20, செவ்வாய்

சான்றிதழின்படி இன்று எனக்கு ஐம்பத்தாறு. கல்லூரியில் பிரிவுபசாரம். மே 31 அன்று பதினான்கு பேர் ஓய்வு பெறுகிறோம், பதினான்கு பேரும் மே மாதத்தில் பிறந்தவர்கள். முதல்வர் அதை வேடிக்கையாகச் சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

11.20-க்குக் கணக்கு திறந்தது. பென்னி நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி இட்டிருக்கக்கூடும் என்பது என் கருதுகோள். இருபதாவது மாதம் ஏது? ஆகவே நாளைப் பிழையாகக் கேட்டிருப்பான். 10-5 என்று இட்டேன். 30-5 என்று இட்டேன். கடைசியாக மறுபடியும் 20-5. அதை ஏன் இட்டேன்? என் பிறந்த தேதியை ஓர் இயந்திரம் மறுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. வேறு காரணமில்லை.

மே 27 வரை மூடியாயிற்று.

நிறுவனத்தின் உதவி எண்ணில் நாற்பது நிமிடம் இசை கேட்டேன். பிறகு ஒரு பெண்குரல் தன்மையாகச் சொன்னது: "சார், உங்க பாதுகாப்புக்காகத்தான்."

மே 24, சனி

மழை. வழக்கமான ஜூன் ஒன்றுக்கு எட்டு நாள் முன்னதாக.

மே 25, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு ஏலிக்குட்டி தொலைபேசியில்.

"மாஷே, எங்க வீட்டுப் பின்னால இருக்கிற ஊத்து நின்னுபோச்சு."

"எப்போது?"

"விடியக்காலம் கறக்கப் போனேன், சத்தமே இல்ல. வானம் பொத்துக்கிட்டு ஊத்துது, ஊத்து காஞ்சு கிடக்கு. இப்படி நான் பார்த்ததே இல்ல. மாடு வேற தொழுவத்துக்குள்ள போகமாட்டேங்குது."

வெளியே வராத நீர் மலைக்குள் தேங்கிச் சரிவைத் தள்ளும் என்று முதலாண்டு மாணவனுக்குக்கூடத் தெரியும்.

"போகட்டுமா மாஷே? இல்ல உறங்கட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"இறங்குவது நல்லது என்று தோன்றுகிறது. ஆனால் அளவை வைத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். செவ்வாய்க்கிழமை..."

"தோணுதுன்னா என்ன அர்த்தம்? ஒம்போது வருஷமா உங்களுக்கு எதுவும் தோணல. நீங்க சொன்னீங்க, நாங்க கேட்டோம். இந்த மழையில மாட்டையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு, மாஷுக்குத் தோணுச்சுன்னு சொல்லிக்கிட்டு நான் யார் வீட்டு வாசல்ல போய் நிக்கட்டும்?"

வைத்துவிட்டாள். ஏன் சொல்லவில்லை நான்? "போங்கள்" என்று ஒரு வார்த்தை. போய், ஒன்றும் நடக்கவில்லை என்றால் என்ன? என் பெயர் கெடும். அவ்வளவுதானே? அந்தப் பெயரைத்தான் இத்தனை நாளும் நான் துல்லியம் என்று அழைத்துக்கொண்டிருந்தேனா?

நுகர்வோர் மனு பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது.

மே 26, திங்கள்

மனுவின் நகலெடுக்கச் சாந்தாவிடம் கொடுத்தேன். அவள் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"பிறந்தநாளை ஏத்துக்கலைன்னு எழுதியிருக்கீங்களே, எந்தப் பிறந்தநாளை?"

"மனிதனுக்கு எத்தனை பிறந்தநாள்?"

"உங்களுக்கு ரெண்டு. அந்தப் பென்னி வந்தப்ப நீங்க கல்லூரியில இருந்தீங்க. 'டீச்சரே, சாரோட பிறந்த தேதி?'ன்னு கேட்டான். கர்க்கடக மாசம் பதினொண்ணு, பூராடம்னு சொன்னேன். 'இங்கிலீஷ்ல சொல்லுங்க டீச்சரே, மெஷினுக்கு நட்சத்திரம் தெரியாது'ன்னு சிரிச்சான். உங்க ஜாதகத்தை எடுத்துப் பார்த்து ஜூலை இருபத்தேழுன்னு சொன்னேன்."

"சான்றிதழில் இருப்பதைச் சொல்லியிருக்க வேண்டும்."

"அது ஹெட்மாஸ்டர் பெத்த பிள்ளையோட தேதி. நான் கட்டிக்கிட்டது உங்கம்மா பெத்த பிள்ளையை."

ஜூன் ஒன்றாம் தேதி ஐந்து வயது நிறையாவிட்டால் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். ஆகவே எங்கள் ஊர்த் தலைமையாசிரியர் வரிசையில் நின்ற எல்லாப் பிள்ளைகளையும் மே மாதத்தில் பிறக்கவைத்தார். ஊருக்கு ஊர் இதே கதைதான்: ஓய்வு பெறும் பதினான்கு பேர்! கைதட்டிச் சிரித்தார்களே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? ஒவ்வொரு கர்க்கடகத்திலும் சாந்தா கோயிலிலிருந்து பாயசம் கொண்டுவந்து வைப்பாள். மூடநம்பிக்கை என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவேன்.

"பதிமூணாம் தேதியே கேட்டேன். கடிச்சுத் துப்பினீங்க. படிச்சவர், அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மே 27, செவ்வாய்

11.20. கணக்கு திறந்தது. 27-7-1969. ஏற்றுக்கொண்டது. உடனே, எந்தச் சிரமமும் இல்லாமல்.

சாந்தா தன் தொலைபேசியில் தெரிந்த மீட்பு எண்ணை ஆறு ஆறாக வாசித்தாள், நான் இட்டேன். நாற்பத்தெட்டு இலக்கம். வெளியே மழையில் அவள் குரல் இரண்டு முறை அமுங்கிப்போயிற்று, திரும்ப வாசித்தாள். 11.52-க்குத் திரை தெளிந்தது. இத்தனை நாளும் அந்த அட்டவணை அப்படியே அங்கேதான் இருந்திருக்கிறது.

சென்ற ஆண்டு: 229.6.

பதினெட்டு மில்லிமீட்டர். மழைக்கு முன்பே. பதினொரு நாட்களுக்கு முன்பே.

சட்டையை மாற்றாமல் கீழ்ச்சாலுக்கு ஓடினேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வார்த்தை: "போங்கள்." ஒன்பது வீட்டார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து மணிக்குள் பாய், பானை, ரேஷன் அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு கீழே இருக்கும் உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஏலிக்குட்டி நகரவில்லை. பக்கத்து வீட்டு வர்க்கியும் அவளைப் பார்த்து நின்றுவிட்டான்.

"எனக்கு ஒறவு யாரு இருக்கா மாஷே? பள்ளிக்கூடத்துல கேம்பு திறந்தாத்தான் போக முடியும். ஆர்டர் இல்லாம திறக்க மாட்டாங்க. திறந்தாலும் மாட்டை உள்ள விடறதுக்குத் தனியா பேப்பர் வேணும். நாலு வாயில்லாத ஜீவனை மலைகிட்ட விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?"

"பிள்ளைகளையாவது அனுப்பு, ஏலிக்குட்டி."

"அம்மாவை விட்டு அதுங்க போகாது. என்னை விட்டு மருமக போக மாட்டா. பேப்பரை வாங்கிட்டு வாங்க. எழுதறதுல நீங்க பெரிய ஆளாச்சே."

கிராம அலுவலகத்தில் எழுத்தர் மட்டும் இருந்தார். "சாரே, ரெண்டு ஆணியை வச்சுக்கிட்டு எப்படி ஆர்டர் போடறது? ஒண்ணும் நடக்கலேன்னா யாரு பதில் சொல்றது?" இந்தக் கேள்வியை எங்கே கேட்டேன் என்று வழியெல்லாம் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை, இதே நாட்குறிப்பில், எனக்கு நானே.

மே 28, புதன்

காலை அளவு: 233.9. நாடாவின் மறுமுனையில் ஏலிக்குட்டி. இம்முறை எண்ணையே சொன்னேன்.

நுகர்வோர் மனுவைக் கிழித்துப் போட்டேன். கிராம அலுவலருக்கு நேரில் கொடுத்து முத்திரை பெற்ற கடிதத்தின் நகல் கீழே.

"ஐயா,

சேலாட்டுமலைப் பிளவின் ஒன்பதாண்டு அளவுகளை இத்துடன் இணைத்துள்ளேன். மே 16-இல் ஓராண்டு விலகல் 18 மி.மீ. அதன்பின் பன்னிரண்டு நாட்களில் மேலும் 25 மி.மீ. மே 25 முதல் ஊற்று நின்றுவிட்டது.

மே 13-ஆம் தேதியே தங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பழைய அளவுகள் இரண்டு வாரம் தாமதமாயின. அத்தாமதத்துக்குக் கணினியோ அதைப் பழுதுபார்த்தவரோ காரணமல்ல. கேட்ட கேள்விக்குத் தவறான விடையை அளித்து, அதுவே சரி என்று நின்றவன் நான். மே 25 அன்று கேட்கப்பட்டபோது தெளிவாகச் சொல்லாதவனும் நானே. இதை எங்கு வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம்.

ஒன்றும் நடக்காவிட்டால் யார் பதில் சொல்வது என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். நான் சொல்கிறேன். பள்ளியைத் திறக்கவும் நான்கு பசுக்களுக்கு இடம் தரவும் ஆணை வேண்டும். மறுப்பதானால் அதற்கான காரணத்தைக் கையெழுத்துடன் தர வேண்டும். இரண்டில் ஒன்றை நாளை மே 29, வியாழன், மாலை நான்கு மணிக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறேன். வாய்மொழிப் பதிலை ஏற்க மாட்டேன்.

கீழ்ச்சாலில் இரண்டு வீடுகளில் ஏழு பேர் இன்னும் உறங்குகிறார்கள்."