யூட் முந்திப் பிறந்த கதை

01.10.2024, செவ்வாய்
மழை. சாப்பாட்டுக் கடையில் வேலை தொடங்கி இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை, மனேஜர் யூட் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். "அக்கா, இண்டைக்கு சனம் குறைவு. நீங்கள் வீட்டை போங்கோவன்." போனால் மிச்ச நேரத்துக்குச் சம்பளம் இல்லை. கேட்டால் நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பமாம். நல்ல குடும்பம்! இப்படியே போனால் இந்த மாதமும் வாடகைக்கு மகனிடம் கை நீட்ட வேண்டும்.

04.10, வெள்ளி
கையுறை முடிந்து ஒரு கிழமை. இன்று பொரிக்கிற எண்ணெய் தெறித்து, என்னோடு வேலை செய்கிற ஹாத்திஜேயின் கை பொங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற எமில் அண்ணை திரும்பியும் பார்க்கவில்லை. யூட்டுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். முதுகெலும்பை எங்கே வைத்துவிட்டு வருகிறாரோ?

08.10, செவ்வாய்
ஹாத்திஜே, போலந்து மரியா, நான் — மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு அறிவித்தல் ஒட்டினோம். வேலை நேரம், பாதுகாப்பு பற்றி முதலாளியோடு பேசக் கடைக்கு ஒரு தொழிலாளர் குழு வேண்டும். அதற்கான தேர்தலை நடத்த மூன்று பேரைத் தெரிவு செய்ய 20ஆம் திகதி காலை பத்து மணிக்குக் கூட்டம். எனக்கு ஏன் இந்த வேலை? அந்தக் கையைப் பார்த்த ஆத்திரம்தான்.
யூட் வாசித்தான். "அக்கா, நீங்களுமோ?"
ஓமடா, நானும்தான்.

09.10
யூட் பிறந்தது டிசம்பரில். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மட்டும் ஒக்டோபர் 20ஆம் திகதி காலையிலேயே பிறக்கிறாராம். ஹோலும் எடுத்தாயிற்று.

13.10, ஞாயிறு
பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் லவினியாவைப் பிடித்து, கூட்டத்துக்கு வருவாளா என்று கேட்டேன். அவளும் எங்கள் கடைதான். "என்ரை பிள்ளையின்ரை முதல்நன்மைக்கு அவர் சங்கிலி போட்டவர் அக்கா. போகாமல் விடேலாது." ஒரு சங்கிலிக்காக இன்னும் எத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு நிற்பாள்? சீ! எமில் அண்ணை வாழ்த்துப்பா எழுதுகிறாராம். கடையிலுள்ள தமிழர் எல்லாரும் போகிறார்கள். பகுதிநேரம் வேலை செய்கிற மாணவர்களோ ஞாயிறு பத்து மணிக்கு எழும்பமாட்டார்கள்.

20.10, ஞாயிறு
ஹாத்திஜே, மரியா, நான். வேறு ஒருவரும் இல்லை. வெறும் கதிரைகளைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. தொழிற்சங்கத்திலிருந்து வந்த பெண் மட்டும் கலங்கவில்லை, சொன்ன நேரத்துக்குக் கூட்டத்தைத் தொடங்கினாள்.
மத்தியானம் யூட்டின் தொலைபேசி. பின்னால் பைலாப் பாட்டு.
"உங்களுக்கு ஒரு பார்சல் எடுத்து வைக்கட்டோ அக்கா? கூட்டத்துக்கு எத்தினை பேர் வந்தவை?"
"மூண்டு பேர் தம்பி."
பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரிக்கட்டும்.

25.10, வெள்ளி
முதலாளிக்குத் தொழிற்சங்கத்தின் கடிதம் வந்துவிட்டது. தேர்தலை நடத்தப்போகிற எங்கள் மூவரின் பெயர்களும் அதில் இருக்கின்றன. பின்னேரம் கடையில் சனமே இல்லை, ஆனால் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. யூட்டின் முகம் வேகாத இறைச்சிபோல் இருந்தது.
"மூண்டு பேர்தானே வந்தது எண்டனீங்கள்?"
"ஓம். மூண்டு பேரும் கை தூக்கினம். வந்த ஆக்களிலை பாதிக்கு மேலை தூக்கினால் காணும், அதுதான் இந்த நாட்டுச் சட்டம்."
"அப்ப மற்ற ஆக்கள்?"
"வேண்டாமெண்டு கை தூக்கக்கூடிய அவ்வளவு பேரையும் நீர்தானே தம்பி ஹோலிலை இருத்திச் சோறு போட்டனீர்."