பட்டியலில் இல்லாத சப்-கவுண்டி

செவ்வாய், நவம்பர் 4

மழை. லண்டன் ரெய்னர்ஸ் லேன் சட்டக் கந்தோரில் ஹீட்டர் மறுபடி பழுது. சுதன் தன் அறைக்கு மட்டும் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறான். கம்பஸில் எனக்கு ஜூனியர். என் நோட்ஸைப் படித்துப் பாஸானவன். இன்று சொலிசிட்டர். நான் அவனுக்குக் கிளார்க்.

யுகண்டாவிலிருந்து வந்த கிரேஸ். அகதி விண்ணப்பம் நிராகரிப்பு. அவள் கவுன்சிலராக இருந்ததாகச் சொல்லும் சப்-கவுண்டி அந்த நாட்டுப் பட்டியலிலேயே இல்லையாம். அடுத்த செவ்வாய் அப்பீல். தோற்றால் திருப்பி அனுப்பக்கூடும்.

புதன் 5

அவளிடம் கேட்டுக் கேட்டுப் படமாக வரைந்தேன். மாவட்டம், அதற்குள் கவுண்டி, சப்-கவுண்டி, பாரிஷ், கடைசியில் கிராமம். ஊரில் நான் வேலை பார்த்த கச்சேரி என்ற மாவட்டச் செயலகம், அதன் கீழ் பிரதேச செயலகம், கிராம சேவகர் மாதிரித்தான். ஆனால் அங்கே புதிது புதிதாகப் பிரிக்கிறார்கள். பிரித்து, தேர்தலும் வைத்துவிட்டு, நிதி இல்லை என்று கைவிடுகிறார்கள். கவுன்சிலர் உண்டு, கந்தோர் இல்லை.

"ஹாட்வெயார் கடைக்குப் பின்னால், சிமெந்து மூட்டைகளில் உட்கார்ந்து கூட்டம் நடத்தினோம்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிரிந்ததில் சந்தை புதிய பக்கம் போய்விட்டது, சந்தை வரியும். பழைய சப்-கவுண்டித் தலைவரின் ஆட்கள் அவள் வீட்டைக் கொளுத்தினார்கள். கணவர் தப்பவில்லை.

வெள்ளி 7

சுதனிடம் படத்தைக் காட்டினேன். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அண்ணை, உதை ஆர் இருந்து வாசிக்கிறது? பழைய பேரைச் சொல்லச் சொல்லுங்கோ. அது பட்டியலிலை இருக்கு. விஷயம் முடிஞ்சுது."

"அப்பிடிச் சொன்னா அவ கவுன்சிலரே இல்லையே, தம்பி."

"தம்பி எண்டு சொல்லாதேங்கோ, ஆக்கள் இருக்கினம். நீங்கள் இன்னும் கச்சேரியிலைதான் இருக்கிறியள்."

அங்கேயே இருந்திருந்தால் இன்று நான் உதவி அரசாங்க அதிபர். தெரிந்துதான் சொன்னான்.

பின்னேரம் கிரேஸுக்குப் போன். சுதன் சொன்னதைச் சொன்னேன்.

"மிஸ்டர் நாதன், அந்தப் புதிய பெயருக்குத்தான் என் சனம் வாக்குப் போட்டது. அதற்காகத்தான் என் கணவர் செத்தார்."

வைத்துவிட்டாள்.

ஞாயிறு 9

கோயிலுக்குப் போகவில்லை. அங்கேயும் சுதன்தான் பூசைச் செலவை ஏற்கும் உபயகாரர். பால், வெங்காயம், முதுகுக்குத் தைலம். மகள் போன் எடுக்கவில்லை. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்ற யோசனையே நாள் முழுக்க. கிரேஸ்தான், மகள் அல்ல.

செவ்வாய் 11

விசாரணை. அரசு தரப்பில் ஒரு இளம்பெண், நல்ல கெட்டிக்காரி. சப்-கவுண்டியின் பெயர்? கிரேஸ் புதிய பெயரையே சொன்னாள், எழுத்துக் கூட்டியும் சொன்னாள். சுதனின் கழுத்து சிவந்தது. கந்தோர்? கடைக்குப் பின்னால். சம்பளம்? வரவேயில்லை.

"அப்படியென்றால் கூட்டத்தில் என்னதான் செய்தீர்கள்?"

"எந்தப் பாரிஷுக்கு முதல் கிணறு என்று சண்டை பிடித்தோம்."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். தீர்ப்பு பிறகு அனுப்புவார்களாம்.

வெளியே சுதன், பல்லைக் கடித்துக்கொண்டு:

"சொல்லுக் கேக்காத ஆளுக்கு நான் நிக்க ஏலாது. இனி வேறை ஆளைப் பாக்கட்டும்."

தோற்றால் மேல் அப்பீலுக்கு அவளுக்கு யார்? கொஞ்சம் தள்ளிக் கோட்டுப் பொத்தானைப் போட்டபடி நின்றாள். தமிழ் விளங்காது.

"அவ இல்லை. நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னனான்."

"நீங்களோ?"

"ஓம்."

உடனே நம்பினான். என்னைப் பற்றிக் கெட்டதாக எதைச் சொன்னாலும் நம்புவான். கேஸை வைத்துக்கொள்கிறானாம். கந்தோர்ச் சாவிக்குக் கை நீட்டினான். கொடுத்தேன்.

ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள் கிரேஸ். எந்த பஸ் என்று பார்க்கிறோம் என்றேன்.