கடைப் பலகையில் ஒட்டிய தாள்

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

ஜெயித்துவிட்டீர்கள். அரியலூர் மறுபடியும் தனி மாவட்டம் ஆகிவிட்டது! நம் டிவி ரிப்பேர் கடையில்தான் கீழப்பழுவூர்க் கடைத்தெருவே கூடி நின்று செய்தி பார்த்தது. வெடி வெடித்தார்கள். நீங்கள்தான் இல்லை. தை மாதம் கிளம்பிப் போன ஆள், இந்தக் கார்த்திகை வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?

முதல் தடவை மாவட்டம் ஆனபோது நீங்கள் ஆடிய ஆட்டம் கொஞ்சமா? மறுநாளே கடைப் பலகையில் 'அரியலூர் மாவட்டம்' என்று சிவப்பு பெயின்டில் எழுத வைத்தீர்கள். அடுத்த வருஷமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்துவிட்டார்கள். அழித்து எழுதச் சொன்னால் கேட்டீர்களா? ஒரு தாளில் 'பெரம்பலூர்' என்று நீங்களே எழுதி, 'அரியலூர்' மேல் மைதாப் பசையால் ஒட்டினீர்கள்.

"பெயின்ட் அடிச்சா போச்சு. பசைன்னா ஊற வச்சா வந்துரும். மாவட்டம் திரும்பி வரும் பாரு."

ஒவ்வொரு மழைக்கும் தாள் கரையும். மழை விட்டதும் புதுத் தாள் ஒட்டுவீர்கள். "என்ன மச்சான், கடை இன்னிக்கு எந்த மாவட்டத்துல இருக்கு?" என்று எதிர் டீக்கடை மாமா கேலி செய்யாத நாளில்லை. அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

அதே அம்மாதான் இந்த ஐப்பசியில் வானம் இருட்டியதும் ஸ்டூல் போட்டு ஏறி, பலகைக்குப் பாலித்தீன் தாள் கட்டினார். நீங்கள் கடைசியாக எழுதி ஒட்டிய தாள் ஆயிற்றே. வேறு எதற்காவது ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பேனாவைத் தொடுகிற ஆளா நீங்கள்?

செய்தி வந்த வேகத்தில் தம்பி ஏணியோடு வந்தான். இப்போது அவன் செல்போனும் ரிப்பேர் பார்க்கிறான் அப்பா, நல்ல கூட்டம். தாளைக் கிழிக்கக் கை வைத்ததும் அம்மா சத்தம் போட்டார்.

"கிழிச்சே, பாத்துக்க! அது அவுரு எழுதுனது."

"கிழிக்காட்டி அப்பா சொன்னது பலிச்சிருச்சுன்னு ஊருக்கு எப்படிம்மா தெரியும்?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். நான் யார் பக்கம் பேசுவது? அப்போது டீக்கடை மாமா ஒரு சொம்பு வெந்நீரோடு வந்தார். முகத்தில் கேலியே இல்லை.

"ஊற வச்சு எடு தங்கச்சி. மச்சான் அப்படித்தானே சொல்லுவாரு."

அம்மா ஏறி, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி உரித்தார். கிழியாமல் வந்தது. அடியில் சிவப்பு எழுத்து, வெயில் படாமல் நேற்று எழுதியது போல இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் ஈரத் தாளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"திரும்பி வரும், திரும்பி வரும்னாரே. மாவட்டம் மட்டுந்தானே வந்துருக்கு."

அம்மா கையிலிருந்து தாளை வாங்கி, மேஜையில் விரித்துக் காய வைத்தேன், அப்பா.

தாள் காய்ந்துவிட்டது. கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறோம். நாளைக்கே மறுபடி மாவட்டத்தைச் சேர்த்தாலும் அந்தச் சிவப்பு எழுத்தின் மேல் பெயின்ட் பட விடமாட்டேன். மைதா காய்ச்ச எனக்கும் தெரியும். இது சத்தியம்.

உங்கள் பிடிவாதத்தில் பாதியை வாங்கிக்கொண்டு பிறந்த
மூத்த மகள் செல்வி